இறக்கைக்காரிக்குக் கவசம் இல்லை

எல்ராய்,

"இறக்கை இருக்கிற இனத்துக்கு இரும்புக் கவசம் கெடையாது, ரூல் புக்குல அப்படித்தான் இருக்கு!" என்று நேற்று, ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் உன் பகடை விளையாட்டு மேசையில் நீ கத்தியதும், "அப்ப இறக்கையை வெட்டிக்கிறேன், கவசத்தைக் குடுண்ணா!" என்று உன் தங்கை வெர்னா கத்தியதும் எதிர்வீடுவரை கேட்டதாம். குள்ளனாக ஆடும் ஹார்லனுக்கு மட்டும் தலையிலிருந்து கால்வரை இரும்பு. ஏழு வருடமாக அவள் ஆடிவந்த இறக்கைக்காரி முதல் அம்பிலேயே செத்தாள்.

ஓவனில் கேசரோல், வெர்னாவுக்கும் சேர்த்து. நாலு மணிக்குத் தன் பகடைகளை எடுக்க வருவாள். புத்தகத்தைத் திறக்காமல் பேசு.

நார்மா

பி.கு.: இப்போதே வந்து எடுத்துப் போய்விட்டாள். ஜூனில் ஹார்லனைக் கட்டிக்கொண்டு டுலூத் ஊருக்கே போகிறாளாம். கேட்காமலே சொன்னாள், சரி, இரண்டு தடவை கேட்டேன். அங்கே அவன் நடத்தப்போகும் மேசையில் இறக்கையும் உண்டு, கவசமும் உண்டாம். அவள் பங்கையும் நீயே சாப்பிடு.