ஏழாவது பலகை

போடி, கார்த்திகை 1938

அன்பு மகளுக்கு,

வாத்தியார் பயிற்சிக்கு உனக்கு வந்த கடிதத்தை மாப்பிள்ளை அடுப்பில் போட்டதாக அத்தை சொன்னாள். "அப்பா செஞ்ச பெட்டி எப்பிடித் திறந்துச்சு?" என்று கேட்டு அழுதாயாம்.

பினாங்கிலிருந்து வந்த ஜப்பான் பெட்டியைப் பார்த்து, பலாவும் ஈட்டி மரமும் இழைத்து ஒட்டி உனக்காகச் செய்தது அது. ஏழு பலகைகளை வரிசை தப்பாமல் நகர்த்தினால்தான் திறக்கும். அந்த வரிசையை உனக்கு மட்டுமே சொன்னேன்.

போன மாதம் நான் வந்தபோது நீ தண்ணீருக்குப் போயிருந்தாய். மாப்பிள்ளை பெட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது தொறக்காது மாமா, சும்மா ஒட்டி வச்சிருக்கீக" என்று சிரித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நகர்த்திக் காட்டினேன். ஏழாவதையாவது விட்டிருக்கலாம். உள்ளே உறை தெரிந்ததும் மூடிவிட்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பெட்டியில் பழுதில்லை, ஆத்தா.

உன் அப்பன்