தொட்டிக்குப் பின் ஆறு கம்பங்கள்

மெரிண்டா,
சனிக்கிழமை, நவம்பர் 15

நொலீனுக்கு,

முப்பது வருடங்களாக ‘அன்புள்ள’ என்று தொடங்கித்தான் உனக்கு எழுதியிருக்கிறேன். இந்த முறை அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். நீயும் எதிர்பார்த்திருக்க மாட்டாய்.

என் எண்ணை உன் தொலைபேசியில் தடை செய்துவிட்டாய். மின்னஞ்சல் திரும்பி வருகிறது. ரசிகர்களின் இணையப் பக்கத்திலிருந்தும் என்னை நீக்கிவிட்டீர்கள். மிஞ்சியிருப்பது தபால்தான். விரைவுத் தபாலில் போட்டால் ப்ரோக்கன் ஹில்லுக்கு மூன்று நாளில் வரும் என்று தபால் நிலையத்துப் பெண் சொன்னாள். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே என்று கேட்டுக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் நேரே காரணத்துக்குப் போகும் அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

முதலில், அந்தப் போர்வை. ஞாயிற்றுக்கிழமை கார்ப் பந்தயத்தில் நடுவர்கள் நாங்கள் மூவர் சொன்ன தீர்ப்பு வந்த அரை மணி நேரத்துக்குள், ரசிகர்கள் உட்காரும் மேட்டின் வேலியில் ஒரு வெள்ளைப் போர்வை தொங்கியது. ‘நாலு கண்ணு இருந்தும் குருடு’ என்று சிவப்புச் சாயத்தில் எழுதியிருந்தது. எழுதியது பெவன் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஆள் நாற்பது வருடமாக மேட்டில் உட்கார்ந்து கத்துகிறார், அவரை நான் பொருட்படுத்துவதில்லை. ஆனால் போர்வை உன்னுடையது. ஓரத்தில் நீல நூல் ஓடும். நீ முகாமுக்குக் கொண்டுவருகிற போர்வை. அதற்குள் படுத்து நானும் குளிரில் நடுங்கியிருக்கிறேன்.

வண்டி நிறுத்துமிடத்தில் பெவன் என் கார்க் கதவைத் திறக்க விடாமல் நின்றார். “டீச்சரம்மா, ஒண்ணு கண்ணாடிய மாத்துங்க, இல்ல ஆள மாத்துங்க!” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். “ராஸ்முசன் வீட்டுக் கல்யாணத்துல தின்ன ஆட்டுக்கறி இன்னும் செரிக்கல போல!” என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. உன் குரலை எனக்குத் தெரியாதா?

ஆமாம், ராஸ்முசன் திருமணத்துக்குப் போனேன், சாப்பிட்டேன். அவன் என்னிடம் கணக்குப் படித்த பையன். உன் மகள் தாம்சினுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாயும் நான்தான். இந்த இரண்டையும் விசாரணை தொடங்கும் முன் எழுதிக் கொடுத்தேன். மற்ற இரண்டு நடுவர்களும் வெளியூர்க்காரர்கள். இந்த ஊரில் யாரையும் தெரியாத நடுவர் வேண்டும் என்றால் நிலவிலிருந்துதான் கூட்டி வர வேண்டும் என்று சொல்லி அதைக் கோப்பில் வைத்தார்கள். இதை நீ இணையத்தில் எழுதவில்லை. ‘ஞானத்தாயாம், கழுத்தறுத்த தாய்’ என்பதைத்தான் எழுதினாய். அதற்கு நானூறு பேர் கைதட்டியிருந்தார்கள்.

அடுத்தது உன் வீடியோ. கடைசிச் சுற்று, கடைசி வளைவு. முன்னால் ராஸ்முசனின் கார், உள்பக்கமாக நுழையும் தாம்சினின் கார். வேகத்தைக் குறைத்து ஓடவிட்டு, இரண்டும் மோதுவதற்குச் சற்று முன், தண்ணீர்த் தொட்டிக்கு நேராக வந்ததும் நிறுத்தியிருக்கிறாய். ‘தொட்டிக்கு நேரா பக்கத்துல வந்துட்டா, இடம் விடாம நசுக்கினது அவன், தண்டனை என் பொண்ணுக்கா?’ என்று கீழே எழுதியிருக்கிறாய்.

பக்கத்தில் வரவில்லை, நொலீன். உன் கேமராவின் நீண்ட லென்ஸ் தூரத்தைச் சுருக்கிக் காட்டும். ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும் இரண்டு காரும் ஒட்டி நிற்பதுபோல் தெரியும். இதை உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான். தொட்டிக்கு நேராகத் தாம்சின் அரைக் கார் நீளம் பின்னால் இருந்தாள். நடுவர் கோபுரத்திலிருந்து எடுத்த படத்தில் அது தெளிவாக இருக்கிறது. தெரியாமல் போட்டிருந்தால் மன்னிக்கலாம். நீ தெரிந்தே போட்டாய்.

இவ்வளவும் மனதில் புழுங்கிக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமை பள்ளி விட்டதும் அளவு நாடாவையும் கோபுரப் படத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு பந்தயச்சாலைக்குப் போனேன். எதற்கு என்று மறைக்கவில்லை. உன்னைப் பொய்யாக்குவதற்குத்தான். தொட்டிக்கு நேரான இடத்திலிருந்து அளந்து, படம் வரைந்து, அதே பக்கத்தில் வேறு யாரையாவது விட்டுப் போடச் சொல்லி, உன் நானூறு கைதட்டல்காரர்கள் முன் உன்னை அவமானப்படுத்த நினைத்தேன்.

அளந்தேன். நான் சொன்னது சரி. அரைக் கார் நீளம், இம்மியும் குறையவில்லை.

நாடாவைச் சுற்றிக்கொண்டு நிற்கும்போது அங்கே புல் வெட்டுபவரான கோலின், தன் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். என்ன அளக்கிறேன் என்று கேட்டார். வளைவு தொடங்கும் இடத்தை என்றேன்.

“அதுக்கு ஏம்மா இங்க நிக்கிறீங்க?” என்றார். “வளைவு இப்ப அங்கல்ல இருக்கு.”

கையை நீட்டிக் காட்டினார். உள்பக்கச் சுவரில் ஒரு மஞ்சள் கோடு. நான் நின்ற இடத்திலிருந்து பதினெட்டு மீட்டர் தள்ளி. போன வருடக் குளிர்காலத்தில் தார் போட்டபோது ஓரக் கல்வரிசையை நீட்டி, திரும்பும் இடத்தைத் தள்ளி வைத்தார்கள் இல்லையா? அப்போது போட்ட கோடு. “ரெண்டு சீசனா எல்லா டிரைவரும் அதப் பாத்துத்தான் திரும்புறாங்க. உங்களுக்குத் தெரியாதா?” என்றார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. கேலியாகக் கேட்டிருந்தால் தேவலை.

தெரியும், நொலீன். அந்த மாற்றத்துக்கான சுற்றறிக்கை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கீழே என் கையெழுத்து இருக்கிறது.

மேட்டிலிருந்து அந்தச் சுவரின் உள்பக்கம் தெரியாது. அதனால் மேட்டில் யாரும் அந்தக் கோட்டைக் கண்டுகொள்ளவில்லை. நமக்கு எப்போதும் வளைவு என்றால் தொட்டிதான். ‘தொட்டிக்கு நேரா, பின்னால வர்ற வண்டியோட முன் சக்கரம் முன்னால போறவன் பக்கக் கண்ணாடிக்கு வந்துடுச்சா? வந்தா இடம் விடணும். வரலன்னா கதவைச் சாத்தலாம், வழிய அடைக்கலாம்.’ எத்தனை சாயங்காலம் ஐஸ் பெட்டியின் மூடியைக் கவிழ்த்து வைத்து, சாஸ் புட்டியை ஒரு காராகவும் கடுகு டப்பாவை இன்னொரு காராகவும் நகர்த்தி, இதையே வாதாடியிருக்கிறோம்? பெவன் தொண்டை கட்டும் வரை கத்துவார். நீ என்னைப் பார்த்து, “அடியே, யூனிவர்சிட்டியில மூணு வருஷம் என்னத்த அளந்த?” என்பாய். தோற்றவர் அடுத்த பந்தயம் முழுக்க நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு. நான் இருபது வருடத்தில் மூன்று முறைதான் திரும்பி உட்கார்ந்திருக்கிறேன்.

நடுவராகிக் கோபுரத்துக்குப் போன பிறகு, மேட்டை விட்டு வந்துவிட்டேன் என்று நினைத்தேன். அன்று கோபுரத்தில் படத்தை ஓடவிட்டு, நானே கையால் நிறுத்தினேன். எங்கே? தொட்டிக்கு நேராக. யோசிக்கக்கூட இல்லை. கை தானாகப் போனது. அதற்குப் பிறகு விளம்பரப் பலகை மறைத்துக்கொள்ளும், கோபுரப் படத்தில் ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை என்று நினைத்தேன். உள்ளூர்க்காரி சொல்கிறாளே என்று மற்ற இருவரும் நம்பினார்கள்.

இனி எழுதுவதுதான் கடினம்.

விசாரணையில் தாம்சின் என்னைக் கெரின் ஆன்ட்டி என்று கூப்பிடவில்லை. “மேடம்” என்றாள். “திரும்புறப்ப நான் பக்கத்துல இருந்தேன் மேடம். அவர் வண்டியில அடி எங்க பட்டிருக்குன்னு பாருங்க. கதவுல. பின்னால இல்ல,” என்றாள். அவன் திரும்பும்போது கார் கோணமாக நின்றிருக்கும், அதனால் கதவில் பட்டிருக்கும் என்று நான் விளக்கம் சொன்னேன். விளக்கம் சொல்ல எனக்கு எப்போதும் வரும். தொட்டிக்கு நேராக நீ பின்னால் இருந்தாயே என்று கேட்டேன்.

“தொட்டியிலயா மேடம் திரும்புறோம்?” என்றாள்.

அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். அவள் காருக்குள் இருக்கும் கேமரா அன்று வேலை செய்யவில்லை. கையில் ஆதாரம் ஏதும் இல்லாமல் வாயால் சமாளிக்கிறாள் என்று நினைத்தேன். உன் வாய் அவளுக்கு வந்திருக்கிறது என்றும் நினைத்தேன். அவள் வெற்றியை ரத்து செய்வதில் மூவரும் ஒத்துப்போனோம். ஆனால் அடுத்த சீசனில் இரண்டு சுற்றுப் பந்தயங்களில் அவளை விலக்கி வைத்தால் போதும் என்றார்கள் மற்ற இருவரும். மூன்று என்று சொன்னவள் நான். ஞானத்தாய் சலுகை காட்டினாள் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. இதை வேறு யாரும் உனக்குச் சொல்லப் போவதில்லை, அதனால் நானே சொல்கிறேன். இணையத்தில் போட வேண்டுமானால் போட்டுக்கொள்.

மூன்று சுற்று விலக்கம் இருக்கிற ஒருத்தியை, அவள் சேரக் காத்திருக்கும் மெல்பர்ன் அணி எடுக்காது. மாத முடிவில் அவர்கள் பெயர்களை அறிவித்துவிடுவார்கள். எனக்கும் தெரியும்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். புதிய ஆதாரம் இருந்தால் வழக்கைத் திரும்ப எடுக்கலாம். போட்டியாளர்தான் மனு கொடுக்க வேண்டும், நடுவர் கொடுக்க முடியாது. கடைசி நாள் வரும் வெள்ளிக்கிழமை, இருபத்தொன்றாம் தேதி, மாலை ஐந்து மணி. என் பிழையை எழுதி, சுற்றறிக்கையின் நகலோடு, தலைமை அலுவலகத்துக்கு நேற்றே அனுப்பிவிட்டேன். நடுவர் பதவியையும் அதிலேயே விட்டுவிட்டேன். ஆனால் தவறான கோட்டில் பார்த்தேன் என்று நான் சொல்வது மட்டும் போதாது. சரியான கோட்டில் என்ன நடந்தது என்று யாராவது காட்ட வேண்டும்.

அது உன் கேமராவில் இருக்கிறது. நீ தொட்டியோடு நிறுத்திப் போட்டாய். ஏன் என்று எனக்குத் தெரியும். மறைப்பதற்காக அல்ல, அதற்கு மேல் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று நீயும் என்னைப்போலவே நினைத்ததால். முழுப் படமும் உன்னிடம் இருக்கும். நீ எதையும் அழிப்பவள் இல்லை. மஞ்சள் கோடு அதில் தெரியாது. ஆனால் எதிர்ப்பக்க வேலிக் கம்பங்கள் தெரியும். மூன்று மீட்டருக்கு ஒரு கம்பம். தொட்டிக்கு நேரான கம்பத்தை விட்டுவிட்டு, கார் போகும் திசையில் எண்ணத் தொடங்கு. ஆறாவது கம்பம். அங்கே நிறுத்து. அவள் முன் சக்கரம் அவன் கண்ணாடிக்கு வந்துவிட்டதா என்று பார்.

வந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. அந்த வேகத்தில் வந்திருக்க முடியும், கதவில் பட்ட அடியும் அப்படித்தான் சொல்கிறது, அவ்வளவுதான். வராமலும் இருந்திருக்கலாம். அப்போது தீர்ப்பு சரி, காரணம் தவறு என்று ஆகும். அப்படியானாலும் வெட்டாமல் கொடு. அந்த நீண்ட லென்ஸ் விஷயத்தையும் மனுவில் நீயே எழுதிவிடு. மற்றவர்கள் கண்டுபிடித்தால் அவள் பெயர்தான் கெடும்.

நடுவர் போட்டியாளரோடு நேரடியாகப் பேசக் கூடாது என்பதால்தான் இதுவரை தாம்சினுக்கு எழுதவில்லை. இப்போது நான் நடுவர் இல்லை, எழுதலாம். ஆனாலும் எழுத வரவில்லை. அவள் கேட்ட கேள்வி சரியான கேள்வி என்று மட்டும் சொல். அவள் எந்த வளைவிலும் பத்திரமாக வெளியே வர வேண்டும் என்று அவளை ஏந்தி நின்ற அன்று வேண்டிக்கொண்டதுபோலவே இன்றும் வேண்டிக்கொள்கிறேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று உனக்குத் தெரியும், இருந்தாலும்.

போர்வையை நான் மறக்கப் போவதில்லை. ஆட்டுக்கறியையும் மறக்கப் போவதில்லை. நீ மூன்று சுற்றை மறக்க வேண்டாம்.

வியாழக்கிழமை வேலியோரமாக மேட்டுக்கு ஏறிப் பார்த்தேன். என் பழைய பச்சை நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள், முதுகு சாலைக்கு. அதை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். அது நியாயம். மார்ச்சில் முதல் பந்தயத்துக்கு வந்து அதில் உட்காருவேன், பெவன் என்ன கத்தினாலும். ஆனால் நாம் இரண்டு பேரும் தொட்டியைத்தான் பார்த்தோம், நொலீன். உன் நாற்காலியையும் பக்கத்தில் திருப்பிப் போடு.

ஒரு பந்தயம்தான். அதற்குமேல் உட்காரச் சொல்லி மேட்டில் வழக்கம் இல்லை.

வெள்ளி, ஐந்து மணி. ஆறாவது கம்பம்.

கெரின்