வயிற்றுவலிக்காரியின் வாப்பா

டொக்டர்,

இன்று ஆஸ்பத்திரிப் பயிற்சி மண்டபத்தில் டெட்டோல் வாசம் மூக்கில் ஏறியதும், நீங்கள்தான் வருகிறீர்கள் என்று எழுந்து நின்றுவிட்டேன். வந்தவர் தேத்தண்ணி கொண்டுவந்தவர். நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு நடக்கிற முதல் பயிற்சி.

தாதிமாரும் பேறு பார்க்கும் மருத்துவமாதுகளும் பிள்ளைகளின் மனவருத்தத்தைக் கேட்டறியப் பழகவேண்டும் என்று நீங்கள் தொடங்கியது இது. அதில் நான்தான் நடிகன். ஓ லெவலோடு நின்று நிந்தவூரில் ஆணி விற்கிறவனுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

மகளுடைய உம்மா கட்டாருக்கு வேலைக்குப் போயிருந்த காலம். பள்ளிக்கூட நேரமானால் பிள்ளைக்கு வயிற்றுவலி. ஓதிய தண்ணீரும் கொடுத்து, ஓமத் தண்ணீரும் கொடுத்துத் தோற்றுப்போய் உங்களிடம் வந்தோம். நீங்கள் அவளிடம் கேட்டதற்கெல்லாம் நானே மறுமொழி சொன்னேன்.

"காக்கா, வயிற்றுவலி உங்களுக்கா, புள்ளைக்கா?"

"புள்ளைக்குத்தான் டொக்டர்."

"அப்ப நீங்க கொஞ்சம் வெளியில இரிங்க."

பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொன்னீர்கள். உம்மாவின் டெலிபோன் கோல் வருவது பள்ளிக்கூட நேரத்தில். வீட்டில் நின்றால்தான் அந்தக் குரல் கேட்கும். அதுதான் வலி. உம்மா கோல் எடுக்கும் நேரத்தை மாற்றினோம். நீங்கள் இன்னும் சில தரம் அவளோடு கதைத்தீர்கள். வலி மெல்ல மெல்ல விட்டது.

அதற்குப் பிறகுதான் கடைக்கே வந்து கேட்டீர்கள்: "பயிற்சிக்கு ஒரு வாப்பா வேணும் காக்கா. புள்ளைய வாய் திறக்க விடாத வாப்பா."

"எனக்கு நடிக்கத் தெரியாதே டொக்டர்."

"ஐயோ, நடிச்சிராதீங்க! அண்டைக்கு வந்த மாதிரியே வாங்க."

இன்று அக்கரைப்பற்றுப் பக்கத்து மருத்துவமாது ஒருத்தி, பிள்ளையாக நடித்த தாதியோடு கதைத்தாள். நான் குறுக்கே விழுந்து விழுந்து பேசியும் அவள் அசையவில்லை, கோபப்படவும் இல்லை. சிரித்த முகத்தோடு என்னை வாசலுக்கு அனுப்பிவைத்தாள். மண்டபம் கைதட்டியது. அது அவளுக்கு என்று தெரியும். என்றாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன். இந்தக் கரையில் எந்த ஊர் ஆஸ்பத்திரியிலாவது ஒரு பிள்ளை மனசைத் திறந்தால், அதில் உங்கள் படிப்போடு என் அலட்டலுக்கும் ஒரு சின்னப் பங்கு இருக்கிறது.

மஃரிபு தொழுகைக்குப் பிறகு வீட்டில் மகள் முகம் வாடி இருந்தாள். ஏ லெவல் படிக்கிறாள் இப்போது.

"என்ன புள்ள?"

"ஒண்டுமில்ல வாப்பா."

உபதேசம் தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டுப் பக்கத்தில் சும்மா இருந்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது. உட்கார்ந்திருந்த கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"வாப்பா, ஒரு விசயம்..."

வாயைத் திறக்கவே இல்லை டொக்டர், நான்.