வேகமான போர்ட்

2004 ஜூலை, ஞாயிறு இரவு. அணுபுரம்.

பக்கத்து வீட்டு சரளா அக்காவின் மகன் இன்று அமெரிக்கா கிளம்பினான். இறந்துபோன அப்பாவின் படங்களை ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு போக, காரை வாசலில் நிறுத்திவிட்டு அம்மாவோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தான்.

"ரெண்டு மணி நேரம் ஆவும்னு காட்டுதுண்ணா, இன்னா பண்றது?" என்று என்னைக் கூப்பிட்டான்.

திரை மூலையில் விண்டோஸ் ஒரு குறிப்பு காட்டியது: இந்தச் சாதனம் இன்னும் வேகமாக இயங்கும். அதை அமுக்கினேன். வேகமான யுஎஸ்பி போர்ட் வேறு இருப்பதாகச் சொன்னது. ஏற்றுவதை நிறுத்தி, கம்ப்யூட்டர் பெட்டியின் பின்னால் கையை விட்டு ஹார்டு டிஸ்க் ஒயரை அதில் மாற்றி, மறுபடி ஏற்றினேன். சீக்கிரமே முடிந்தது. அவனும் கிளம்பிவிட்டான்.

"மெதுவாவே ஏறியிருக்கலாம்பா," என்றார் அக்கா. "இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருப்பான்."

இன்றிரவு என் மனைவி அக்காவுக்குத் துணையாக அங்கே படுத்துக்கொள்ளப் போயிருக்கிறாள்.