அண்ணியின் நிறம்

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று போனில் நீ கத்தினாய், நான் அழுதேன், சிக்னல் போய்விட்டது. உங்கள் எண்ணெய்க் கிணற்று முகாமில் டவர் கிடைப்பதே அதிசயம். அதனால் எழுதுகிறேன். முகாமுக்குச் சாமான் ஏற்றிப்போகும் வண்டியில் கொடுத்துவிட்டால் சில நாளில் உன் கைக்கு வந்துவிடும் என்றார்கள்.

அண்ணி தையல் கம்பெனிக்குப் போகும் வழியில் சாலையைக் கடக்க ஓரமாக நின்றிருக்கிறார். ரிவர்ஸ் எடுத்த சிமெண்ட் லாரி அவரைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. ஒரு தொடை எலும்பு முறிந்திருக்கிறது. மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம். என் ஆஸ்பத்திரிக்கேதான் கொண்டுவந்தார்கள். "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கூட்டத்தை விரட்டிக்கொண்டு ஸ்ட்ரெச்சரைப் பிடித்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன்.

ஆபரேஷன் முடிந்துவிட்டது. மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். இடுப்பை இரும்புச் சட்டத்தால் வெளியிலிருந்து பூட்டியிருக்கிறார்கள். ரத்தக் கசிவு நின்றுவிட்டது. இது நல்ல செய்தி.

கெட்ட செய்தியையும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் செய்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இவ்வளவு அடிபட்டா ரத்தம் போகத்தான் செய்யும். ஆனா இவங்களுக்கு அதுக்கு முன்னாடியே ரத்தம் இல்லைம்மா. வந்தவுடனே எடுத்ததை மைக்ராஸ்கோப்ல பார்த்தோம். அணுவெல்லாம் சின்னச் சின்னதா, வெளிறிக் கிடக்கு. இன்னிக்குக் கொட்டினதால அணு சின்னதாகாது. அதுக்கு வருஷக்கணக்கா ஆகும். வீட்ல யாரும் பார்க்கலையா?"

ரத்த வங்கிக்குச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு ஓடினேன்.

நல்ல ரத்தம் உள்ளவருக்குப் பாதி போனாலும் மீதி இருக்கும். அதை வைத்து உடம்பு தாக்குப்பிடிக்கும். காயம் ஆற, கிருமியை எதிர்க்க, இதயமும் சிறுநீரகமும் ஓட, எல்லாவற்றுக்கும் அதுதான் வேண்டும். அண்ணியிடம் அந்த மீதி இல்லை. முடிந்தால் உடனே கிளம்பி வா.

பாப்பா தன் அம்மாவைப் பார்க்க வந்தவள் என் குவார்ட்டர்ஸிலேயே இருக்கிறாள். பயப்படாதே.

உன்
குட்டி


மார்ச் 8

அன்புத் தங்கை குட்டிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ அங்கே இருப்பது எனக்கு யானை பலம். உன்னை நர்ஸுக்குப் படிக்க வைத்தது வீண் போகவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. டாக்டர் சொல்வதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதே. ஏதாவது ஆகிவிட்டால் தப்பிக்க இப்போதே சாக்குத் தேடுகிறார்கள். என் பெண்டாட்டியை எனக்குத் தெரியாதா? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை. வீட்டு வேலை, தையல் கம்பெனி, அம்மாவுக்குப் பணிவிடை, எல்லாம் ஒற்றை ஆளாக இழுத்துப்போட்டுச் செய்கிறவள். ரத்தம் இல்லாதவள் இப்படி ஓட முடியுமா?

வெளுப்பாக இருக்கிறாள் என்றால் அது அவள் நிறம். பெண் பார்க்கப் போன அன்றே அம்மா என் காதில் சொன்னாள்: "என்னா நிறம்டா, பளிங்கு மாதிரி!" இந்தத் தெருவிலேயே நம் வீட்டு மருமகள் மாதிரி நிறம் யாருக்கும் இல்லை என்று சொல்லிச் சொல்லி மாளவில்லை அம்மாவுக்கு. இன்றைக்கு நீங்கள் அதை வியாதி என்கிறீர்கள்.

மாற்று ஆள் வராமல் ஒரு ஃபோர்மேன் கிணற்றை விட்டு இறங்க முடியாது. கேட்டிருக்கிறேன். ரத்தம் வேண்டுமென்றால் கவலைப்படாதே. என் சிநேகிதர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ஒரு பட்டாளமே வந்து நிற்கும் பார்.

பாப்பாவின் படிப்பு கெடாமல் பார்த்துக்கொள். அம்மாவுக்கு நேரத்துக்குச் சாப்பாடு போகிறதா?

என்றும் அன்புடன்
அண்ணன்


மார்ச் 13

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் பட்டாளம் வந்தது. பை நிறையப் பழம், ஜூஸ் பாட்டில். வராந்தாவில் உட்கார்ந்து ஆஸ்பத்திரி நிர்வாகத்தை ஒரு பிடி பிடித்தார்கள். ஒரு பை ரத்தம் ஏற்றினால் ஓர் ஆள் பதிலுக்குக் கொடுக்க வேண்டும், யார் முதலில் வருகிறீர்கள் என்று கேட்டேன். ஒருவருக்குச் சர்க்கரை மாத்திரை. ஒருவருக்கு ஆபீஸில் மீட்டிங். அந்த மீசைக்காரர் இருக்கிறாரே, பஸ் மறியல் செய்து ஜெயிலுக்குப் போனவர், "ஊசின்னா எனக்கு மயக்கம் வந்துரும்மா, சின்ன வயசுலேர்ந்து" என்றார். ஜூஸை அவர்களே குடித்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் தையல் கம்பெனியிலிருந்து ஐந்து பெண்கள் வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. ஷிப்ட் முடிந்து, தலையில் நூல் பிசிறோடு அப்படியே வந்திருந்தார்கள். "எங்ககிட்ட எடுத்துக்கம்மா" என்று வரிசையாக உட்கார்ந்தார்கள்.

ரத்த வங்கித் தம்பி ஒவ்வொருவர் விரலிலும் குத்திப் பார்த்தான். முதல் ஆளைப் பார்த்து, "உங்களுக்குப் போதாதுக்கா" என்றான். இரண்டாவது ஆளுக்கும் அதே. நாலாவது ஆளிடம், "அக்கா, உங்களுக்கே ஏத்தணும், படுத்துக்கிறீங்களா?" என்று கேட்டான்.

அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிலே மூத்தவர் சொன்னார்: "அப்போ நாங்கள்ளாம் எதுல ஓடறோம் தம்பி, மெஷின் எண்ணெய்லயா?"

ஐந்து பேரில் ஒருவரிடம்தான் எடுக்க முடிந்தது. மற்ற நாலு பேரும் ஏதோ தப்புச் செய்துவிட்டவர்கள் மாதிரி என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள். கழிப்பறைக்குப் போனாலே சூப்பர்வைசர் முறைப்பானாம். சாப்பாட்டு நேரத்தில் பாதியைக் கேன்டீன் வரிசையே தின்றுவிடுகிறதாம். வீட்டுக்குப் போனால் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒட்டியிருப்பது. நீ சொன்னாயே, ரத்தம் இல்லாதவள் ஓட முடியுமா என்று. ஓடுகிறார்கள் அண்ணா. வரிசையாக வந்து உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

இரண்டு நாளாக அண்ணிக்கு நல்ல நினைவு இருக்கிறது. மூன்று பை ஏற்றிய பிறகு என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"என் கை சூடா இருக்குல்ல?"

"ஆமா அண்ணி."

"மூச்சு வாங்கலைடி. இடுப்பு உடைஞ்சு கிடக்கேன், ஆனா அசதி இல்ல." என் கையை விடாமல் கேட்டார்: "உங்களுக்கெல்லாம் எப்பவும் இப்படித்தான் இருக்குமா?"

நான் வெளியே போய்விட்டேன்.

இன்று காலை காய்ச்சல். சிறுநீர் குறைந்துவிட்டது. பரிசோதனைக்குத் தினமும் ரத்தம் எடுப்பதைக்கூட டாக்டரம்மா குழந்தைகளுக்கான சின்னக் குப்பியில் எடுக்கச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு சொட்டையும் பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிறார்கள். நீ வந்து பக்கத்தில் உட்கார். கிணறு எங்கேயும் ஓடிப் போகாது.

உன்
குட்டி


மார்ச் 17

குட்டிக்கு,

மாற்று ஆள் இருபத்து நாலாம் தேதி வருகிறான். அன்றே கிளம்புகிறேன்.

உன் கடிதம் முழுக்க என்னைக் குத்தத்தான் எழுதியிருக்கிறாய். என் சிநேகிதர்களைக் கேலி, சட்டியில் ஒட்டியிருப்பது என்று அம்மாவுக்கு மறைமுகமாக ஒரு குத்து. சரி, நானும் கேட்கிறேன். நீதானே நர்ஸ்? மாசத்துக்கு ஒரு தரம் வீட்டுக்கு வந்து அவள் கையால் சாப்பிட்டுவிட்டுப் போனாயே, உன் கண்ணுக்குத் தெரியவில்லையா? இப்போது டாக்டர் சொன்னதும் எனக்குப் பாடம் எடுக்கிறாயா?

அவளிடம் நான் வருகிறேன் என்று சொல். தைரியமாக இருக்கச் சொல்.

அண்ணன்


மார்ச் 21

அண்ணனுக்கு,

முகாம் ஆபீஸுக்குச் செய்தி சொல்லிவிட்டேன். இது கைக்கு வருமுன் நீ கிளம்பியிருப்பாய். அண்ணி நேற்றுப் பகலில் போய்விட்டார். சிறுநீரகம் நின்றது, பிறகு இதயம். இரண்டு தரம் மீட்டார்கள். மூன்றாவது தரம் முடியவில்லை. டாக்டரம்மா கையுறையைக் கழற்றிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நீ கேட்ட கேள்விக்கு நேரில் பதில் சொல்ல மாட்டேன். அம்மா நடுவில் வந்து நின்று மாரில் அடித்துக்கொள்வாள். அதனால் இங்கேயே எழுதுகிறேன். முகாமுக்குத் திரும்பிப் போனதும் படித்துக்கொள்.

என் கண்ணுக்குத் தெரிந்தது. போன தடவை நீ லீவில் வந்திருந்தபோது, கூடத்தில் உன் எதிரிலேயே அண்ணியின் கண்ணிமையைக் கீழே இழுத்துக் காட்டினேன். உள்ளே காகிதம் மாதிரி வெள்ளை. "நீ ஆஸ்பத்திரியை வீட்டுக்குக் கொண்டுவராதே" என்று நீ சிரித்தாய். மாசத்தில் பாதி நாள் உதிரம் போகிறது, கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, சின்ன ஆபரேஷன், பத்து நாள் ஓய்வு எடுத்தால் போதும் என்று அவரை நானே கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்து சொன்னேன். "பத்து நாள் அவ படுத்துக்கிட்டா அடுப்பை யாரு பார்ப்பா?" என்றாள் அம்மா. "மாடி கட்டி முடியட்டும், அடுத்த லீவுல பார்த்துக்கலாம்" என்றாய் நீ. அண்ணி உள்ளே போய் உனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். வயிற்றைப் பிரட்டுகிறது, வேலை ஓடவில்லை என்று நிறுத்திவிட்டார். அவருக்கு வயிறு பிரட்டவும் நேரமில்லை.

மாடி முடிந்துவிட்டது அண்ணா. அழகாக இருக்கிறது.

தங்கை


ஜூன் 2

அன்புத் தங்கைக்கு,

நீ எழுதியதைப் படித்தேன். பதில் எழுதக் கை வரவில்லை. இங்கே மற்றவர்கள் முன்னால் அழ முடியாது. கிணற்றுச் சத்தத்துக்குள் போய் நின்றுகொண்டு அழுகிறேன், யாருக்கும் கேட்காது.

இப்போது ஓர் உதவி. வேறு யாரிடமும் கேட்க முடியாது.

வழக்கு அடுத்த மாதம் வருகிறது. லாரிக் கம்பெனி வக்கீல் என்ன சொல்கிறான் தெரியுமா? "அந்தம்மா ஏற்கெனவே அரை உயிர். வேற யாராயிருந்தாலும் பிழைச்சிருப்பாங்க. செத்தது சோகையால, எங்க லாரியால இல்ல." கேட்டதும் அவன் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. நம் வக்கீல் சொல்கிறார், வீட்டு மனுஷி, அதிலும் நர்ஸ், நீ கூண்டில் ஏறி "எங்க அண்ணி திடமாத்தான் இருந்தாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று. பழைய ஆபரேஷன் பேச்சு, கட்டி, அதெல்லாம் வாயிலேயே வரக் கூடாது.

அவளைக் கொன்றது லாரி. அந்த லாரியை நான் ஓட்டவில்லை. இவ்வளவு பெரிய கம்பெனிக்காரன் தப்பித்துப் போனால் உனக்குச் சந்தோஷமா? எனக்காக வேண்டாம். தாயில்லாத பிள்ளைக்காகச் சொல்.

பள்ளிக்கூடம் திறந்ததும் பாப்பாவை அம்மாவிடம் விட்டுவிடு. அம்மாவுக்கும் துணை வேண்டும்.

உன்னையே நம்பியிருக்கும்
அண்ணன்


ஜூன் 9

அண்ணனுக்கு,

நீ அழுவதாக எழுதியதை நம்புகிறேன். உனக்கு அண்ணியைப் பிடிக்கும் என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை.

நான் டாக்டரம்மாவிடம் கேட்டேன்: நல்ல ரத்தத்தோடு வந்திருந்தால் பிழைத்திருப்பாரா?

"சத்தியம் பண்ண முடியாதும்மா. இந்த அடிக்கு யார் வேணாலும் செத்திருக்கலாம். ஆனா அடிபட்டவங்களுக்கு உடம்புல ஏதாவது கையிருப்பு இருந்தாத்தான் எங்களால நேரம் வாங்க முடியும். இவங்களை ஒண்ணுமில்லாமத்தானே அனுப்பி வெச்சீங்க."

அனுப்பி வெச்சீங்க என்று பன்மையில் சொன்னார். என்னையும் சேர்த்துத்தான்.

கூண்டில் ஏறுகிறேன். லாரிக் கம்பெனி வக்கீல் கேட்டால் சொல்வேன்: ஆமாம், அண்ணிக்கு ரத்தம் இல்லை. அதனால் அவரை நசுக்க உங்களுக்கு உரிமை வந்துவிடாது. சாப்பிட்டுக் கொழுத்தவர்களைப் பார்த்து மட்டும் இடிக்கிறேன் என்று உங்கள் டிரைவர் எழுதிக் கொடுத்தாரா? பின்னால் ஆள் நிறுத்தாமல் லாரியைப் பின்னுக்கு எடுத்தது குற்றம், அவர் எலும்பை நொறுக்கியது குற்றம். இதில் ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அதன் பிறகு நீதிபதி "ஏன் ரத்தம் இல்லை?" என்று கேட்டால், அதையும் சொல்வேன். கட்டியைச் சொல்வேன், தள்ளிப்போட்டதைச் சொல்வேன், தையல் கம்பெனியில் பாதி வயிறாக எழுந்ததைச் சொல்வேன், வீட்டில் கடைசியாக உட்கார்ந்ததைச் சொல்வேன். லாரி வக்கீலுக்குப் பாதி உண்மை போதும், உனக்கு மீதிப் பாதி போதும். எனக்கு அப்படிப் பங்கு போட வரவில்லை.

பாப்பாவை அனுப்ப மாட்டேன். அவளுக்கும் ரத்தம் பார்த்தேன். குறைவு. பதினாலு வயதுப் பெண் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறாள். இங்கே அவள்தான் முதலில் சாப்பிடுகிறாள். மாத்திரை வயிற்றைப் பிரட்டினால் படுத்துக்கொள்கிறாள், யாரும் எழுப்புவதில்லை.

அம்மா போன் செய்தாள். "ஒரே அண்ணன்டி. அவனை விட்டுட்டா நாளைக்கு உனக்குன்னு யாரு இருக்கா?" என்றாள். போனை வைத்துவிட்டுப் பாப்பாவுக்குச் சோறு போட்டேன்.

கோர்ட்டுக்கு வருவதானால் வா. என்னோடு பேச வேண்டாம். பாப்பா வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள், அவளுக்குத் தனியாக எல்லாம் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு ஏன் ரத்தம் இல்லை என்று உன்னிடமும் கேட்பாள். அவளுக்காவது உண்மையைச் சொல்.

தங்கை