மார்த்தா ஆண்ட்டி கொண்டுவந்த பெட்டி

செவ்வாய்க்கிழமை.

அப்பா ஏன் ஒரு வேளைதான் சாப்பிடுகிறார் என்று இன்று தெரிந்தது. பசியில்லை என்பார், நானும் நம்பினேன். குடல் அறுவைக்குப் பிறகு வயிற்றில் ஒட்டி, அடிக்கடி மாற்ற வேண்டிய மலப்பைகளை மிச்சம் பிடிக்கத்தான் பட்டினி கிடந்திருக்கிறார்.

பெரியாஸ்பத்திரியில் அறுவைக்கு அதிகம் கேட்கவில்லை. அதற்கு நன்றிதான். ஆனால் பையை நாமே வெளியில் வாங்க வேண்டும். உயிரைக் காப்பாற்றிவிட்டுச் சோற்றைப் பிடுங்கும் இந்த ஏற்பாட்டை எழுதியவனுக்குப் பசி என்றால் தெரியுமா?

உண்மையைச் சொன்னது மார்த்தா ஆண்ட்டி. அவர் கணவர் வார்டில் அப்பாவுக்கு அடுத்த கட்டிலில் இருந்தவர். போன மாதம் இறந்துவிட்டார். ஆண்ட்டி சுங்கை ரம்பாயிலிருந்து பஸ் மாறி மாறி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பிஸ்கட் பெட்டி. உள்ளே கணவருக்கு வாங்கிய, பிரிக்காத மலப்பைகள்.

"கம்மியா சாப்டா பை தாங்கும்னு ரெண்டு பேரும் வார்டுலயே பேசி வச்சாங்க. சரியான கள்ளனுங்க லா!"

அப்பா தலை குனிந்துகொண்டார். "இத வித்தா ஒனக்கு ஒதவுமே, மார்த்தா."

"அவரு பைய மிச்சம் பண்ணிட்டுப் போய்ட்டாரு. நீங்களாவது தின்னுங்கண்ணே. எனக்கும் ஒரு தட்டு போடும்மா, பசிக்குது."

இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். அப்பா மறுசோறு கேட்டார்.

பைகள் இரண்டு மாதத்துக்கு வரும். அப்புறம்... இன்று வேண்டாம்.

ஆண்ட்டி ஏற வேண்டிய பஸ் வந்தது. ஆண்ட்டியின் கையை விடாமல் நின்றேன். டிரைவர் ஹார்ன் அடித்தார். அப்போதும் விடவில்லை.