நான்கு கட்டங்களிலும் ஒரே வரி

9 ஜூலை, வியாழன்

மருமகள் கணினித் திரையை நான்கு கட்டங்களாகப் பிரித்து, லாரி புக்கிங் கம்பெனி ஒன்றின், எங்கோ இருக்கும் நான்கு சர்வர் கணினிகளை ராசிபுரத்திலிருந்தே கவனிக்கிறாள். இன்று ஒன்றை மட்டும் நிறுத்த வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் அடிக்கும் கட்டளை நான்கிலும் போகும்படி நேற்று வைத்ததை மாற்ற மறந்துவிட்டாள். நான்கும் நின்றுபோயின. லாரி புக்கிங் எல்லாம் முடங்கியது. வேலை போய்விடும் என்று மேலதிகாரி போனில் கத்தினார்.

"பின்னாலயே நின்னீங்களே அத்தை, அதுலதான் கவனம் செதறிப்போச்சுங்க."

"நான் வாயே தொறக்கலியே."

உண்மைதான். நான்கு கட்டங்களிலும் 'ஷட்டவுன்' எழுத்தெழுத்தாக வளர்வதைப் பார்த்தேன். அவள் என்டரைத் தட்டும்வரை காத்திருந்தேன். போன வாரம் விருந்தினர் முன்னால், "அத்தைக்கு இதெல்லாம் புரியாதுங்க" என்று சிரித்தவள்தானே.

இன்னும் அழுகிறாள். புரிந்துதான் பேசாமல் நின்றேன் என்று அவளிடம் சொல்லப்போவதில்லை.